பிஎஸ்4 ஸ்லிம், பழைய டிவிஐ மானிட்டர்: படமும் வரவில்லை, சத்தமும் வரவில்லை – ஒரு நிகழ்வு ஆய்வு

அமைப்பு

சாயங்காலம் முழுக்க டிவியில் சீரியல் ஓடும். கேம் ஆட வேறு திரை வேண்டும். பழைய கம்ப்யூட்டரோடு வந்த மானிட்டர் ஒன்று நல்ல நிலையில் பரணில் சும்மா கிடக்கும். கன்சோலை மானிட்டரில் மாட்டும் கதைகள் பெரும்பாலும் இப்படித்தான் ஆரம்பிக்கின்றன. அவற்றில் சிக்கல் அதிகம் உள்ள ஜோடி ஒன்றை இங்கே பிரித்துப் பார்க்கிறோம்.

கன்சோல், பிஎஸ்4 ஸ்லிம், அதாவது சோனி ப்ளேஸ்டேஷன் 4-இன் மெலிந்த வடிவம். பின்பக்கம் நான்கே துளைகள்: மின்சாரம், எச்டிஎம்ஐ, கேமராவுக்கான ஆக்ஸ், நெட்வொர்க். முன்னால் இரண்டு யுஎஸ்பி. முதல் பிஎஸ்4-இலும் பிஎஸ்4 ப்ரோவிலும் இருக்கும், சத்தத்தை மட்டும் தனியாக வெளியே அனுப்பும் ஆப்டிகல் ஆடியோ துளை ஸ்லிம்மில் கிடையாது. கடைசியில் தலைவலி கொடுக்கப்போவது இதுதான்.

மானிட்டர், 22 அங்குலம், 1680×1050, அதாவது 16:10 விகிதம். படம் வாங்கும் துளைகள் இரண்டு: விஜிஏ ஒன்று, டிவிஐ-டி ஒன்று. எச்டிஎம்ஐ இல்லை, ஸ்பீக்கர் இல்லை, ஹெட்ஃபோன் துளையும் இல்லை. கம்ப்யூட்டரில் மாட்டினால் படம் பளிச்சென்று வருகிறது. கன்சோலில் மாட்டினால் ஒன்றுமில்லை.

முதலில் வாங்கிய கேபிள்

பெரும்பாலோர் முதலில் வாங்குவது ஒரு முனையில் எச்டிஎம்ஐ, மறுமுனையில் விஜிஏ உள்ள வெறும் கேபிள். சென்னை ரிச்சி தெருவிலும் கிடைக்கும், ஆன்லைனிலும் கிடைக்கும், விலையும் குறைவு. இரண்டு பக்கமும் கச்சிதமாக மாட்டும். படம் மட்டும் வராது.

எச்டிஎம்ஐயில் போவது டிஜிட்டல் சிக்னல்; மூன்று ஜோடிக் கம்பிகளில் நிறத் தகவலும் நான்காவது ஜோடியில் கடிகாரத் துடிப்பும் போகின்றன. விஜிஏவுக்கு வேண்டியது சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் தனித்தனியாக ஏறி இறங்கும் அனலாக் மின்னழுத்தம். ஒன்றை மற்றொன்றாக மாற்ற நடுவில் ஒரு சிப் வேண்டும். சிப் இல்லாமல் கம்பியைக் கம்பியோடு இணைத்த கேபிள், வேறு ஏதோ சாதனத்துக்காக அப்படிச் செய்யப்பட்டது. எந்த கன்சோலிலும் அது வேலை செய்யாது. ஆகவே கடையில் 'கேபிள்' என்று கேட்காமல் 'கன்வெர்ட்டர்' என்று கேட்க வேண்டும். பக்கவாட்டில் 3.5 மிமீ ஆடியோ துளை இருந்தால் உள்ளே சிப் இருக்கிறது என்பதற்கு நல்ல அடையாளம். விஜிஏயிலிருந்து எச்டிஎம்ஐக்கு மாற்றும் பெட்டியும் பார்க்க அதேபோலத்தான் இருக்கும். அது எதிர்த்திசையில் வேலை செய்வது, இங்கே பயன்படாது.

சரியான கன்வெர்ட்டர் வாங்கினாலும் படம் சில நேரம் விட்டுவிட்டு வரும். எச்டிஎம்ஐயின் 18-ஆம் பின் 5 வோல்ட் தருகிறது. ஆனால் தர நிர்ணயப்படி அதில் உத்தரவாதமாகக் கிடைப்பது 55 மில்லிஆம்பியர்தான். அதற்கு மேல் இழுக்கும் சிப் தடுமாறும். மைக்ரோ யுஎஸ்பி துளையோடு வரும் கன்வெர்ட்டரை எடுத்து, 5 வோல்ட் தனியாகக் கொடுத்தால் இந்தத் தொல்லை தீரும்.

இந்த மானிட்டரில் டிவிஐ இருப்பதால் விஜிஏ பக்கம் போகவே வேண்டியதில்லை. டிவிஐயும் எச்டிஎம்ஐயும் படத்தை ஒரே முறையில்தான் அனுப்புகின்றன. கம்பியைக் கம்பியோடு சேர்த்தாலே போதும், சிப் வேண்டாம். 60 ஹெர்ட்ஸில் 1080பி (1920×1080) படத்துக்கு 148.5 மெகாஹெர்ட்ஸ் கடிகாரம் வேண்டும். சிங்கிள் லிங்க் டிவிஐ 165 வரை தாங்கும். ஆக, தாராளமாக இடமிருக்கிறது.

வாங்கும்போது டிவிஐ முனையைத் திருப்பிப் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் தட்டையான நீளத் தகடு ஒன்று இருக்கும். அந்தத் தகடு மட்டும் தனியாக நின்றால் டிவிஐ-டி. அதன் மேலும் கீழுமாக நான்கு சிறு பின்கள் இருந்தால் டிவிஐ-ஐ. டிவிஐ-டி துளையில் அந்த நான்குக்கும் ஓட்டை கிடையாது. அழுத்தித் திணித்தால் பின்தான் வளையும். 18+1, 24+1 என்று இரண்டு வகை விற்கிறார்கள். இந்த வேலைக்கு எதுவானாலும் சரி. எச்டிஎம்ஐ கேபிளின் நுனியில் செருகும் கட்டையான அடாப்டரை விட, இரு முனையும் சேர்ந்து வரும் ஒரே கேபிள் நல்லது. கனமான அடாப்டர் கன்சோலின் எச்டிஎம்ஐ துளையில் தொங்கினால் உள்ளே இருக்கும் மெல்லிய பின்கள் நாளடைவில் ஆட்டம் காணும். அந்தத் துளையைப் பிரித்து சால்டர் செய்து மாற்றுவது கேபிள் விலையைப் போலப் பல மடங்கு செலவு.

கறுப்புத் திரை

டிவிஐ கேபிள் மாட்டியாகிவிட்டது. கன்சோலில் வெள்ளை விளக்கு எரிகிறது. திரை மட்டும் கறுப்பு. இந்தக் கட்டத்தில்தான் பலர் மானிட்டர் போய்விட்டது என்று முடிவு கட்டுகிறார்கள்.

கறுப்பிலும் வகை உண்டு. 'நோ சிக்னல்' என்று எழுத்து வந்து, விளக்கு ஆரஞ்சாகி மானிட்டர் தூங்கப் போனால், சிக்னலே வந்து சேரவில்லை: கேபிள் சரியாக உட்காரவில்லை, அல்லது மானிட்டர் மெனுவில் இன்புட் இன்னும் விஜிஏவில் நிற்கிறது. 'அவுட் ஆஃப் ரேஞ்ச்', 'இன்புட் நாட் சப்போர்ட்டட்' என்று வந்தால் சிக்னல் வருகிறது, அந்த ரெசல்யூஷன் மானிட்டருக்குப் பிடிக்கவில்லை. விளக்கு வழக்கம்போல எரிந்து, எந்த எழுத்தும் வராமல், திரை வெறுமனே கறுப்பாக நின்றால் முதல் சந்தேகம் எச்டிசிபி என்ற நகல் தடுப்புப் பூட்டு மேல்.

சந்தேகத்தை உறுதிசெய்ய இரண்டு சோதனைகள் போதும். அதே கேபிளை லேப்டாப்பின் எச்டிஎம்ஐயில் மாட்டினால் மானிட்டரில் படம் வருகிறது. எனவே கேபிளும் மானிட்டரும் நன்றாக இருக்கின்றன. கன்சோலை டிவியில் மாட்டினால் படம் வருகிறது. எனவே கன்சோலும் நன்றாக இருக்கிறது. தனித்தனியே எல்லாம் சரி, சேர்த்தால் மட்டும் தகராறு என்றால், இரண்டுக்கும் நடுவே நடக்கும் பேச்சில்தான் கோளாறு.

எச்டிசிபி என்பது நகல் எடுப்பதைத் தடுக்கும் பூட்டு. கன்சோல் மறைகுறியாக்கம் செய்து அனுப்பும்; திரையிடம் அதற்கான சாவி இருந்தால்தான் படம் விரியும். டிவிகளில் இந்தச் சாவி இருக்கும். டிவிஐ காலத்து மானிட்டர்களில் சிலவற்றில் இருக்கும், சிலவற்றில் இருக்காது. லேப்டாப் சாதாரண டெஸ்க்டாப் படத்தைப் பூட்டாமலேயே அனுப்புவதால் அதில் வந்தது. பிஎஸ்4 எடுத்த எடுப்பிலேயே பூட்டி அனுப்புவதால் இதில் வரவில்லை.

பிஎஸ்4-இல் இந்தப் பூட்டை மெனுவிலேயே எடுக்கலாம். கன்சோலை டிவியில் மாட்டி, செட்டிங்ஸ், அதில் சிஸ்டம், அதில் 'எனேபிள் எச்டிசிபி' என்ற வரிக்குப் போய் டிக்கை எடுத்துவிட வேண்டும். டிவி இல்லாவிட்டால் எச்டிஎம்ஐ உள்ள புது மானிட்டர் எதுவானாலும் இந்த ஒரு நிமிட வேலைக்குப் போதும், பக்கத்து வீட்டில் கேட்டாவது. பிறகு ரெஸ்ட் மோடில் விடாமல் முழுதாக அணைத்து, கேபிளை மானிட்டருக்கு மாற்றி, முதலில் மானிட்டரை ஆன் செய்து இன்புட்டை டிவிஐயில் வைத்துவிட்டு, அதன்பின் கன்சோலை ஆன் செய்ய வேண்டும்.

படம் வந்துவிட்டது. இதற்கு ஒரு விலை உண்டு. பூட்டை எடுத்த நிலையில் நெட்ஃபிளிக்ஸ் போன்ற வீடியோ ஆப்கள் ஓடாது. ப்ளூ-ரே படமும் ஓடாது. கேம்களுக்கு எந்தத் தடையும் இல்லை. இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும்: பின்னாளில் யாராவது கன்சோலின் செட்டிங்ஸை ரீசெட் செய்தால் பூட்டு திரும்பவும் விழும், திரும்பவும் கறுப்புத் திரை, திரும்பவும் டிவி தேட வேண்டியதுதான். 'ஸ்ப்ளிட்டர் ஒண்ணு போடுங்க சார், எச்டிசிபி போயிடும்' என்று கடையில் சொல்வார்கள். மெனுவில் ஒரு டிக்கை எடுத்தால் முடிகிற வேலைக்கு அது வீண் செலவு.

படம் வந்த பிறகு

வந்த படம் சுமாராகத்தான் இருந்தது. மூன்று குறைகள்: எழுத்து மங்கல், முகங்கள் கொஞ்சம் நீளம், கறுப்பு இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல்.

மங்கலுக்குக் காரணம் ரெசல்யூஷன். ஒவ்வொரு மானிட்டரும் தன்னால் என்னென்ன முடியும் என்று இடிஐடி என்ற 128 பைட் குறிப்பில் எழுதி வைத்திருக்கும். கன்சோல் மாட்டியதும் முதலில் படிப்பது இந்த ஜாதகத்தைத்தான். எச்டிஎம்ஐ உள்ள திரைகளில் கூடவே இன்னொரு 128 பைட் துண்டும் இருக்கும்; 'நான் எச்டிஎம்ஐ சாதனம், எனக்கு ஆடியோவும் அனுப்பலாம்' என்பது அதில்தான் வரும். பழைய டிவிஐ மானிட்டரில் அந்த இரண்டாம் துண்டு இருக்காது. 1680×1050 என்றுதான் முதலில் எழுதியிருக்கும். பிஎஸ்4 ஸ்லிம்முக்கோ 480பி, 720பி, 1080ஐ, 1080பி தவிர வேறு எதுவும் அனுப்பத் தெரியாது. ஆட்டோமேட்டிக்கில் விட்டால் குறைந்ததில் போய் நிற்க வாய்ப்பு உண்டு. செட்டிங்ஸ், சவுண்ட் அண்ட் ஸ்கிரீன், வீடியோ அவுட்புட் செட்டிங்ஸ், ரெசல்யூஷன் என்று போய் 1080பியைக் கையால் தேர்ந்தெடுக்க வேண்டும். மானிட்டர் ஏற்காவிட்டால் சில நொடி பொத்தானைத் தொடாமல் காத்திருந்தால் பழையபடி திரும்பிவிடும். ஏற்காத மானிட்டருக்கு 720பி. 1080ஐ பக்கம் போக வேண்டாம். கம்ப்யூட்டர் மானிட்டர்கள் பல அதை ஏற்பதில்லை.

தப்பான ரெசல்யூஷனில் மாட்டிக்கொண்டு திரையே தெரியவில்லை என்றால் சேஃப் மோட், அதாவது அடிப்படை மெனு மட்டும் வரும் நிலை. கன்சோலை அணைத்துவிட்டு, பவர் பொத்தானை அழுத்திப் பிடிக்க வேண்டும். முதல் பீப் உடனே வரும், இரண்டாவது ஏழு நொடி கழித்து வரும். அப்போது விட வேண்டும். கன்ட்ரோலரை யுஎஸ்பி கேபிளில் மாட்டி பிஎஸ் பொத்தானை அழுத்தினால் மெனு நகரும். வெறும் சார்ஜ் கேபிள் இங்கே உதவாது, டேட்டாவும் போகிற கேபிள் வேண்டும்.

1080பி வந்தாலும் 1920 புள்ளிகளை 1680-இல் அடக்குகிறோம் என்பதால் சிறிய எழுத்து முழுக்கக் கூர்மையாகாது. அது இந்த மானிட்டரின் எல்லை. ஓடும் கேமில் தெரியாது, மெனுவில் தெரியும்.

முகம் நீளமாவதற்குக் காரணம் விகிதம். 16:9 படத்தை 1680 அகலத்தில் காட்டினால் உயரம் 945-தான் வர வேண்டும். மிச்சம் 105 வரி மேலும் கீழும் கறுப்புப் பட்டையாக நிற்க வேண்டும். மானிட்டர் அப்படிச் செய்யாமல் 1050 முழுக்க இழுத்து நிரப்புகிறது. உயரம் 11 சதவீதம் கூடிவிடுகிறது. மானிட்டர் மெனுவில் 'ஆஸ்பெக்ட்' அல்லது 'இமேஜ் சைஸ்' இருந்தால் 'ஃபுல்' என்பதை எடுத்துவிட்டு 'ஆஸ்பெக்ட்' அல்லது '16:9' வைக்க வேண்டும். அந்த வரியே இல்லாத மானிட்டர்களும் உண்டு. அவற்றில் இந்த நீளத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான். பிஎஸ்4-இன் 'டிஸ்ப்ளே ஏரியா' செட்டிங் அகலத்தையும் உயரத்தையும் ஒன்றாகவே சுருக்கும், விகிதத்தைத் தொடாது.

சாம்பல் கறுப்பைத் தீர்ப்பது எளிது. டிவிகள் கறுப்பை 16 என்றும் வெள்ளையை 235 என்றும் எதிர்பார்க்கும். கம்ப்யூட்டர் மானிட்டர் 0 முதல் 255 வரை எதிர்பார்க்கும். கன்சோல் டிவிக்கான கணக்கில் அனுப்பினால் மானிட்டர் 16-ஐ அடர் சாம்பலாகவும் 235-ஐ அழுக்கு வெள்ளையாகவும் காட்டும். வீடியோ அவுட்புட் செட்டிங்ஸில் ஆர்ஜிபி (சிவப்பு, பச்சை, நீலம்) ரேஞ்சை 'ஃபுல்' ஆக்கினால் சரி. அதே கன்சோலை டிவிக்குத் திருப்பிக் கொண்டுபோகும்போது 'ஆட்டோமேட்டிக்'குக்கு மாற்ற மறக்கக் கூடாது. மறந்தால் அங்கே இருட்டுக் காட்சிகள் எல்லாம் ஒரே கறுப்பாக அமுங்கிப்போகும்.

சத்தம்

மானிட்டரில் ஸ்பீக்கர் இல்லை என்பது தெரிந்த விஷயம். ஆனால் சிக்கல் அதைவிட ஆழம்: கன்சோல் கேபிளில் ஆடியோவை அனுப்பவே இல்லை. இடிஐடியில் இரண்டாம் துண்டு இல்லாததால், எதிரே இருப்பது டிவிஐ என்று முடிவு செய்து படத்தை மட்டும் அனுப்புகிறது.

இதற்குக் கடைக்காரர் தருவது எச்டிஎம்ஐ ஆடியோ எக்ஸ்ட்ராக்டர். ஒரு பக்கம் எச்டிஎம்ஐ உள்ளே, மறுபக்கம் எச்டிஎம்ஐ வெளியே, கூடவே 3.5 மிமீ அல்லது ஆர்சிஏ துளை, 5 வோல்ட் மின்சாரம். மாட்டினாலும் சத்தம் வரவில்லை என்று திருப்பிக் கொடுக்கிறவர்கள் உண்டு. பெட்டியின் பக்கவாட்டில் நகத்தால் தள்ளும் அளவுக்குச் சின்ன ஸ்விட்ச் இருக்கும். 'பாஸ்', '2சிஎச்', '5.1' என்று மூன்று நிலை. 'பாஸ்' நிலையில் பெட்டி மானிட்டரின் இடிஐடியை அப்படியே கன்சோலிடம் நீட்டும். கன்சோல் மறுபடி டிவிஐ என்றே நினைக்கும். எடுக்க ஆடியோவே இருக்காது. '2சிஎச்' நிலையில் பெட்டி தன் சொந்த இடிஐடியைக் காட்டும், ஆடியோ வரும். மாற்றிய பிறகு கன்சோலை அணைத்து ஆன் செய்தால்தான் புதிதாகப் படிக்கும்.

ஆனால் இந்த ஜோடியில் '2சிஎச்' நிலைக்கும் பக்கவிளைவு உண்டு. கன்சோல் இப்போது எச்டிஎம்ஐ என்று நம்பி அனுப்புகிறது; அந்தப் பாணிச் சிக்னல் டிவிஐ மட்டுமே தெரிந்த மானிட்டருக்குப் போய்ச் சேருகிறது. சில மானிட்டர்கள் சட்டை செய்யாது. சிலவற்றில் இடது ஓரத்தில் மெல்லிய இளஞ்சிவப்புக் கோடு நிற்கும். படம் முழுக்கப் பச்சையும் இளஞ்சிவப்புமாக வந்தால், ஆர்ஜிபிக்குப் பதில் வேறு நிறமுறையில் சிக்னல் போகிறது என்று அர்த்தம். டிவிஐக்கு ஆர்ஜிபி மட்டும்தான் தெரியும்.

ஆகவே இந்த ஜோடிக்கு எக்ஸ்ட்ராக்டர் வேண்டாம் என்பதே நம் முடிவு. படத்தைத் தொடாமல் சத்தத்தை வேறு வழியில் எடுப்பதுதான் நல்லது. அதற்கு இரண்டு வழி.

காசு செலவில்லாத வழி, கன்ட்ரோலரின் அடியில் உள்ள 3.5 மிமீ துளை. ஹெட்ஃபோனை மாட்டியதும் ஒன்றும் கேட்காவிட்டால் பதற வேண்டாம். அது 'சாட் ஆடியோ'வில் நிற்கும். செட்டிங்ஸ், டிவைசஸ், ஆடியோ டிவைசஸ், 'அவுட்புட் டு ஹெட்ஃபோன்ஸ்' என்பதை 'ஆல் ஆடியோ' ஆக்கினால் கேம் சத்தம் முழுக்க வரும். ஸ்பீக்கரையும் இதில் மாட்டலாம்தான். கையில் பிடித்திருக்கும் கன்ட்ரோலரிலிருந்து ஸ்பீக்கருக்கு ஒயர் போவதை எத்தனை நாள் பொறுப்பது என்பதுதான் கேள்வி. சாதாரண ப்ளூடூத் ஹெட்ஃபோனை பிஎஸ்4 சேர்த்துக்கொள்ளாது என்பதால் அந்தக் கனவு வேண்டாம்.

இரண்டாவது, யுஎஸ்பி சவுண்ட் கார்டு. கட்டைவிரல் அளவு பொருள், சில நூறு ரூபாய். ஹெட்ஃபோன், மைக் இரண்டுக்கும் துளை உள்ளதாக, டிரைவர் சிடி கேட்காததாகப் பார்த்து வாங்க வேண்டும். அப்படிப்பட்டவற்றை பிஎஸ்4 பெரும்பாலும் யுஎஸ்பி ஹெட்செட் என்றே எடுத்துக்கொள்ளும். முன்பக்க யுஎஸ்பியில் செருகி, அதே ஆடியோ டிவைசஸ் பக்கத்தில் அவுட்புட் டிவைஸாக அதைத் தேர்ந்து, இதிலும் 'ஆல் ஆடியோ' வைத்து, பச்சை நிறத் துளையில் கம்ப்யூட்டர் ஸ்பீக்கரை மாட்டினால் முடிந்தது. ஸ்பீக்கர் யுஎஸ்பியில் மின்சாரம் எடுக்கும் வகை என்றால் அதைக் கன்சோலின் மற்ற யுஎஸ்பியில் செருகக் கூடாது. ஒரே கிரவுண்டைச் சுற்றி வந்து 'ங்ங்...' என்ற இரைச்சல் ஏறும். கன்ட்ரோலர் சார்ஜ் செய்யவும் துளை மிஞ்சாது. பழைய போன் சார்ஜர் ஒன்றில் தனியாக மாட்டினால் இரைச்சல் அடங்கும்.

வேறு ஜோடிகள்

டிஸ்ப்ளேபோர்ட் உள்ள மானிட்டரில் ஒரு பொறி இருக்கிறது. டிஸ்ப்ளேபோர்ட்–எச்டிஎம்ஐ என்று சல்லிசாக விற்கும் கேபிள், கம்ப்யூட்டரின் டிஸ்ப்ளேபோர்ட்டிலிருந்து டிவியின் எச்டிஎம்ஐக்குப் போவதற்கு மட்டும். கன்சோலின் எச்டிஎம்ஐயிலிருந்து மானிட்டரின் டிஸ்ப்ளேபோர்ட்டுக்கு அது ஒருபோதும் வேலை செய்யாது. அந்தத் திசைக்கு யுஎஸ்பியில் மின்சாரம் எடுக்கும் ஆக்டிவ் கன்வெர்ட்டர்தான் வேண்டும். மானிட்டரில் எச்டிஎம்ஐ ஒன்று இருந்தால் கம்ப்யூட்டரை டிஸ்ப்ளேபோர்ட்டுக்கு மாற்றிவிட்டு எச்டிஎம்ஐயைக் கன்சோலுக்கு விடுவதே புத்திசாலித்தனம்.

பிஎஸ்5-இல் எச்டிசிபி செட்டிங் இருக்குமிடம் செட்டிங்ஸ், சிஸ்டம், எச்டிஎம்ஐ. 1440பி மானிட்டர் வைத்திருப்பவர்கள் கன்சோலின் சாஃப்ட்வேரைப் புதுப்பிக்க வேண்டும். 2022 செப்டம்பரில்தான் பிஎஸ்5-க்கு 1440பி வந்தது. கேமின் வேகத்துக்கு ஏற்பத் திரை தன் புதுப்பிப்பு வேகத்தை மாற்றிக்கொள்வதுதான் விஆர்ஆர்; ஃப்ரீசிங்க் அதில் ஒரு வகை. ஃப்ரீசிங்க் என்று மானிட்டர் பெட்டியில் போட்டிருப்பதை வைத்து பிஎஸ்5-இல் விஆர்ஆர் வரும் என்று நம்ப முடியாது. பிஎஸ்5 எச்டிஎம்ஐ 2.1-இன் விஆர்ஆரை மட்டும்தான் ஏற்கும். எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ், எஸ் இரண்டும் ஃப்ரீசிங்க்கையும் ஏற்கும்.

பிஎஸ்3-இல் எச்டிசிபியை அணைக்க வழியே இல்லை. சாவி இல்லாத டிவிஐ மானிட்டரோடு அது எச்டிஎம்ஐ வழியே சேராது. சாவி உள்ள மானிட்டர் என்றால், படத்தை எச்டிஎம்ஐயிலும் சத்தத்தைக் கூடவே வந்த ஏவி கேபிளின் சிவப்பு–வெள்ளை முனைகளிலும் எடுக்கலாம்.

நின்டெண்டோ ஸ்விட்சுக்கு, திரையில் காட்ட அதைச் செருகி நிறுத்தும் டாக்கோடு வரும் 15 வோல்ட் 2.6 ஆம்பியர் அடாப்டரையே போட வேண்டும். போன் சார்ஜரில் மாட்டினால் சார்ஜ் ஏறலாம், மானிட்டரில் படம் வராது. சத்தத்துக்கு அலைய வேண்டாம்: டாக்கில் உட்கார்ந்திருக்கும்போதும் கன்சோலின் மேல் விளிம்பில் உள்ள ஹெட்ஃபோன் துளை வெளியேதான் இருக்கும், ஸ்பீக்கர் ஒயரை நேராக அதில் செருகிவிடலாம்.